அரசு ஆய்வுக்கூடத்தோடு கூட்டுச் சேர விரும்பும் சிறு நிறுவனங்களுக்கு: எதை முதலில் செய்வது, எதை அப்புறம்

சிங்கப்பூரில் சின்னதாக ஒரு நிறுவனம் நடத்துகிறீர்கள். உங்கள் பொருளில் ஒரு சிக்கல், அதைத் தீர்க்கும் அறிவும் கருவியும் உங்களிடம் இல்லை, அரசின் அறிவியல், தொழில்நுட்ப ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரிலோ ஏதாவது பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ கேட்டுப் பாருங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நாங்கள் தோசை மாவு தயாரிக்கிறோம். பாக்கெட் மாவு கடையில் ஊதிப் போகாமல் இன்னும் சில நாள் தாங்க வேண்டும், அதுவும் ருசி மாறாமல் தாங்க வேண்டும், இதற்காகத்தான் ஆய்வாளர்களைத் தேடிப் போனோம். ஆய்வுக்கூடத்துக்குள் நடந்த வேலை ஒழுங்காகவே நடந்தது. அதற்கு முன்னால் உள்ள தாள்வேலைதான் எங்களைப் படாத பாடு படுத்தியது. ஒவ்வொரு தாளும் தனியாகப் பார்த்தால் எளிது, ஆனால் வரிசை மாறினால் மானியம் கைநழுவும், உரிமை கைநழுவும், மாதக்கணக்கில் கோப்பு நிற்கும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. உங்களுக்கு வேண்டியது ஆய்வா, சோதனையா?

பலர் இங்கேயே வழி தவறுகிறார்கள். கிருமி எண்ணிக்கை, ஈரப்பதம், ஊட்டச்சத்து அட்டவணை, பொருளின் வலிமை போன்றவற்றை அளந்து அறிக்கை தருவது சோதனை. அதற்கு ஆய்வுக் கூட்டணி தேவையே இல்லை. சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் சிங்லாஸ் அங்கீகாரம் பெற்ற தனியார் சோதனைக்கூடங்கள் நிறைய இருக்கின்றன, கட்டணம் கட்டினால் அறிக்கை வரும், அவ்வளவுதான்.

விடை யாருக்கும் தெரியாது, செய்து பார்த்தால்தான் தெரியும் என்றால் அது ஆய்வு. இந்த வேறுபாடு பின்னால் வரிச் சலுகை கேட்கும்போதும் வரும். வழக்கமான தரச் சோதனையை வருமான வரிச் சட்டம் ஆய்வாக ஏற்பதில்லை.

இன்னொன்று. அரசு ஆய்வுக்கூடங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. சிங்கப்பூர் உணவு அமைப்பு, சுகாதார அறிவியல் ஆணையம் போன்றவற்றின் கூடங்கள் முக்கியமாகக் கண்காணிப்புக்கும் ஒழுங்குமுறைக்கும் இருப்பவை. உங்கள் பொருளை மேம்படுத்தித் தரச் சொல்லி அங்கே போவது பொருந்தாது.

2. சிக்கலை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

இதற்கு ஒரு வாரம் செலவானாலும் பரவாயில்லை, செய்யுங்கள். “மாவு சீக்கிரம் கெட்டுப்போகிறது” என்று எழுதிக்கொண்டு போனால் ஆய்வாளர் கேட்கும் முதல் கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடும். எந்த வெப்பநிலையில்? கெடுவது என்றால் புளிப்பு ஏறுவதா, பாக்கெட் ஊதுவதா, நிறம் மாறுவதா? ஆலையிலிருந்து கிளம்பும்போது புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு என்ன, திரும்பி வரும் பாக்கெட்டில் என்ன? உளுந்து மாறினால் இதுவும் மாறுகிறதா?

மாவில் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் குளிர்பெட்டிக்குள்ளும் மெதுவாக வேலை செய்துகொண்டேதான் இருக்கும். கரியமில வாயு வெளிவரும், பாக்கெட் ஊதும், புளிப்பும் ஏறும். இது எங்களுக்குப் பொதுவாகத் தெரியும். ஆனால் ஆலையில் 4 டிகிரியில் இருக்கும் மாவு, லாரியிலிருந்து இறக்கி, கடையின் பின்வாசலில் காத்துக் கிடந்து, திறந்து திறந்து மூடும் கண்ணாடிக் குளிர்பெட்டிக்குப் போகும் வரைக்கும் எவ்வளவு சூடேறுகிறது என்று நாங்கள் அளந்து பார்த்ததில்லை. ஒரு சின்ன வெப்பப் பதிவுக் கருவியை மாவுப் பெட்டிக்குள் போட்டு அனுப்பினோம். அந்த வரைபடம்தான் எங்கள் ஒரு பக்கத் தாளில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேசியது. சிக்கலில் ஒரு பாதி ஆய்வுக்கூடத்தில் இல்லை, லாரியில் இருந்தது. அந்தப் பாதிக்கு ஆய்வுச் செலவே தேவைப்படவில்லை.

தாளில் இருக்க வேண்டியவை: சிக்கல் என்ன, இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள், அளவுகள், எந்த எண் எவ்வளவு மாறினால் உங்களுக்கு வெற்றி, எதைத் தொடக்கூடாது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பதப்படுத்தும் பொருள் சேர்க்கக்கூடாது, முயிஸ் ஹலால் சான்றிதழுக்குப் பாதிப்பு வரக்கூடாது, ஒரு பாக்கெட்டுக்கு இத்தனை காசுக்கு மேல் செலவு ஏறக்கூடாது என்பதையெல்லாம் முதலிலேயே எழுதினால்தான் பிறகு ஆலையில் பயன்படாத விடை ஒன்று வந்து சேராது.

3. எந்தக் கதவைத் தட்டுவது

சிறு நிறுவனம் என்றால் முதல் கதவு பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் உள்ள புத்தாக்க நிலையங்கள் என்பது என் கருத்து. உணவுக்குச் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியின் எஃப்ஐஆர்சி, சுற்றுச்சூழல், நீர்த் தொழில்நுட்பத்துக்கு நீ ஆன் கல்லூரி, விநியோகச் சங்கிலிக்கு ரிபப்ளிக் கல்லூரி. இவர்கள் சிறு நிறுவனங்களோடு பேசிப் பழகியவர்கள், சின்னத் திட்டத்தையும் எடுத்துக்கொள்வார்கள்.

சிக்கல் ஆழமானது, புதிய அறிவே தேவைப்படுகிறது என்றால் ஏ-ஸ்டார். ஒன்-நார்த்தில் பயோபோலிஸ், ஃபியூஷனோபோலிஸ் என்று எல்லாம் அருகருகேதான். உணவு, உயிரித் தொழில்நுட்பத்துக்கு சிஃப்பி, உற்பத்தித் தொழில்நுட்பத்துக்கு சிம்டெக், பொருளறிவியலுக்கு ஐஎம்ஆர்இ, தகவல் தொடர்புக்கு ஐ2ஆர் எனப் பிரிந்திருக்கும். அளவீட்டுத் துல்லியம்தான் பிரச்சினை என்றால் தேசிய அளவியல் நிலையம். நீர் சுத்திகரிப்பில் புதிய கருவி வைத்திருப்பவர்கள் பியூபியை அணுகலாம், தன் நிலையங்களிலேயே சோதித்துப் பார்க்க அது இடம் தருகிறது.

ஆய்வுக்கூடத்தில் ஒரு லிட்டரில் வெற்றி பெற்றதை இருநூறு லிட்டரில் செய்து பார்க்க இடம் தேடுபவர்கள் செனோக்கோவில் உள்ள ஃபூட்பிளாண்ட் பற்றி விசாரியுங்கள். சொந்தமாக இயந்திரம் வாங்காமல் சிறு அளவில் தயாரித்துப் பார்க்கலாம்.

யாரிடம் போவது என்றே பிடிபடவில்லையா? சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபையின் எஸ்எம்இ சென்டரில் ஆலோசகரைப் பாருங்கள், ஆலோசனை இலவசம். ஏற்கெனவே யாரோ கண்டுபிடித்துவைத்த தொழில்நுட்பம் கிடைக்குமா என்று தேட ஐபிஐ இருக்கிறது. உரிமம் வாங்குவது பல நேரம் புதிதாக ஆய்வு செய்வதைவிடச் சீக்கிரம் முடியும்.

பொது மின்னஞ்சலுக்கு எழுதுவதோடு நிற்காதீர்கள். அந்தக் கூடத்தின் தொழில் வளர்ச்சிப் பிரிவுக்கு எழுதுங்கள், ஒரு பக்கத் தாளை இணையுங்கள், ஆனால் இரகசியம் எதுவும் இல்லாத வடிவத்தை இணையுங்கள். ஏன் என்பது அடுத்த தலைப்பில்.

4. வாயைத் திறப்பதற்கு முன் என்டிஏ

முதல் சந்திப்பில் ஆர்வத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடத் தோன்றும். பொறுங்கள். இரகசியக் காப்பு ஒப்பந்தம், எல்லோரும் சொல்வதுபோல் என்டிஏ, இரு தரப்பையும் கட்டுப்படுத்துவதாகக் கையெழுத்தாக வேண்டும். பெரும்பாலும் அவர்களிடமே ஆயத்தமான படிவம் இருக்கும், அதையே எடுத்துக்கொண்டால் வேகமாக முடியும். உங்கள் வழக்கறிஞரை வைத்துப் புதிதாக எழுதினால் அவர்களது சட்டப் பிரிவில் வரிசையில் நிற்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை: கையெழுத்திடும் அமைப்பின் சட்டப்பூர்வப் பெயர் சரியா, உங்கள் யுஇஎன் எண் சரியா, இரகசியம் எத்தனை ஆண்டுக்கு, எந்தத் தலைப்புக்கு. எவ்வளவு நல்ல ஆய்வாளராக இருந்தாலும் அவருக்குப் பொதுவாகக் கையெழுத்து அதிகாரம் இருக்காது. அவர் மின்னஞ்சலில் “சரி” என்று எழுதியதை ஒப்பந்தமாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

மாதிரி கொடுப்பதும் இதே கணக்குதான். உங்கள் நுண்ணுயிர்க் கலவையையோ வேதிக் கலவையையோ தாள் இல்லாமல் கொடுக்காதீர்கள். பொருள் ஒப்படைப்பு ஒப்பந்தம் ஒன்று போட்டு, எதற்குப் பயன்படுத்தலாம், மிச்சத்தை என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

5. எந்த வகை ஒப்பந்தம் என்று தெளிவாகக் கேளுங்கள்

கூட்டாக வேலை செய்வோம் என்று எல்லோரும் சொல்வார்கள். தாளில் அது நாலு விதமாக வரலாம்.

கட்டண ஆய்வு: முழுச் செலவு உங்களுடையது, அவர்கள் செய்து தருவார்கள். விளைவின் உரிமையைக் கேட்க உங்களுக்கு வலு அதிகம்.

கூட்டு ஆய்வு: இரு தரப்பும் பணமோ ஆளோ கருவியோ போடும், உரிமை பேச்சுவார்த்தையில் முடிவாகும். பேச்சு நீளும்.

உரிமம்: இருக்கும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தக் கட்டணம், விற்பனையில் பங்கு.

ஆய்வாளரை உங்கள் நிறுவனத்துக்கே சில காலம் அனுப்புவது: ஏ-ஸ்டாரின் டி-அப் திட்டம் இந்த வகை. உங்களிடம் பிரச்சினைகள் நிறைய, எது முதல் என்றே தெரியவில்லை என்றால் ஒரு தனித் திட்டத்தைவிட இது நல்லது.

6. செலவுத் தாளை வரி வரியாகப் படியுங்கள்

ஆள் செலவு, நுகர்பொருள், கருவி நேரம், பயன்பாட்டுக் கட்டணம், அதன் மேல் நிர்வாக மேற்செலவு விழுக்காடு, கடைசியில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டினால் பிறகு மானிய விண்ணப்பத்திலும் வரிக் கணக்கிலும் இடிக்கும். ஆள் செலவையும் நுகர்பொருள் செலவையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், விலைப்புள்ளியில் மட்டுமல்ல, ரசீதிலும்.

உங்கள் பங்கையும் கணக்கில் எழுதுங்கள். நீங்கள் கொடுக்கும் மூலப்பொருள், ஆலையில் சோதனை ஓட்டத்துக்காக நிறுத்தும் இயந்திர நேரம், உங்கள் மேற்பார்வையாளர் செலவிடும் நாள்கள், எல்லாம் பங்களிப்புதான். கூட்டு ஆய்வில் இவற்றைப் பணமாக மதிப்பிட்டுக் காட்டினால் உரிமைப் பேச்சில் உங்கள் குரலுக்கு எடை கூடும்.

7. மானியம்: கையெழுத்துப் போடும் முன்

இந்தத் தலைப்பை இரண்டு முறை படியுங்கள். அரசு அமைப்பான என்டர்பிரைஸ் சிங்கப்பூர் தரும் நிறுவன மேம்பாட்டு மானியத்துக்கு (இடிஜி) விண்ணப்பம் சமர்ப்பிக்கும் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தாலோ முன்பணம் கட்டியிருந்தாலோ அந்தத் திட்டத்துக்கு மானியம் கிடையாது. ஆய்வாளர் அவசரப்படுத்துவார், கருவி அட்டவணையில் இடம் பிடிக்க வைப்புத்தொகை கேட்பார்கள். விண்ணப்பம் போய்ச் சேரும் வரை ஒரு காசும் கட்டாதீர்கள்.

தகுதி: சிங்கப்பூரில் பதிவாகி இயங்கும் நிறுவனம், குறைந்தது 30 விழுக்காடு உள்ளூர்ப் பங்குரிமை, திட்டத்தை முடிக்கும் நிதி நிலைமை. எம்பிளாய்மென்ட் பாஸில் வந்து சொந்தமாக நிறுவனம் தொடங்கிய நம்மவர்கள் பலர் அந்த 30 விழுக்காட்டில்தான் தடுக்கி விழுகிறார்கள். குடிமகனும் நிரந்தரவாசியும் உள்ளூர்க் கணக்கில் வருவார்கள், எம்பிளாய்மென்ட் பாஸ் வராது. பங்கு அமைப்பு பொருந்தவில்லை என்றால் இந்த மானியத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம், 10ஆம் தலைப்பில் உள்ள வரிச் சலுகையைப் பாருங்கள்.

2023 ஏப்ரல் முதல் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குத் தகுதியான செலவில் 50 விழுக்காடு வரை என்று வைத்தார்கள். விகிதம் அவ்வப்போது மாறும், நீங்கள் விண்ணப்பிக்கும் அன்றைய விகிதத்தைத் தளத்தில் பாருங்கள். பொருள் சேவை வரிக்கு மானியம் கிடையாது.

விண்ணப்பம் பிசினஸ் கிராண்ட்ஸ் போர்ட்டலில். உள்ளே நுழைய சிங்பாஸ், நிறுவனத்தின் சார்பில் செயல்படக் கார்ப்பாஸில் உங்களுக்கு அனுமதி ஒதுக்கியிருக்க வேண்டும். அந்த அனுமதியை ஒதுக்கக்கூடிய நிர்வாகி பாதி நிறுவனங்களில் பழைய கணக்காளராக இருப்பார், அவர் வேலையை விட்டுப் போய் வெகுநாளாகியிருக்கும். இதை முதல் நாளே சரிபாருங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: அக்ராவின் அண்மைய பிஸ்ஃபைல் அறிக்கை, கணக்கறிக்கைகள், ஆய்வுக்கூடத்தின் விலைப்புள்ளியும் திட்ட விவரமும், வேலை அட்டவணை, திட்டத்தால் வருமானமோ உற்பத்தித்திறனோ எவ்வளவு கூடும் என்ற உங்கள் கணிப்பு. கணிப்பை ஊதிப் பெருக்காதீர்கள், முடிவில் அதை வைத்துத்தான் கேட்பார்கள்.

எல்லா ஆவணமும் சேர்ந்த பிறகு பதில் வர 8 முதல் 12 வாரம் என்று கணக்கு வையுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் அந்தக் கணக்கு தொடங்காது. அப்புறம் முக்கியமாக, மானியம் செலவழித்த பிறகுதான் திரும்ப வரும். நீங்கள் முழுத் தொகையையும் கட்டி, திட்டத்தை முடித்து, தணிக்கையாளர் சரிபார்த்து, கோரிக்கை அனுப்பி, பிறகுதான் பணம். அதுவரை தாங்கும் ரொக்கம் வங்கியில் இல்லாமல் இறங்காதீர்கள்.

8. உரிமைப் பிரிவை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்

வழக்கறிஞருக்குக் காசு செலவழிக்க ஒரே ஓர் இடம் இருக்கிறது என்றால் அது இதுதான். நீங்கள் ஏற்கெனவே கொண்டுவரும் அறிவு உங்களுடையதாகவே இருக்கும் என்று பட்டியல் போட்டு எழுதுங்கள். எங்கள் மாவின் அரிசி, உளுந்து விகிதமும் ஊறல் நேரமும் எங்களுடையவை என்று ஒரு பின்னிணைப்பே வைத்தோம். திட்டத்தில் புதிதாகப் பிறப்பது யாருக்கு? முழுவதும் கேட்டால் விலை ஏறும், பேச்சு நீளும். பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு உரிமையே தேவையில்லை, தங்கள் துறையில் மட்டும், வேறு யாருக்கும் தராத பயன்பாட்டு உரிமம் போதும். “தோசை, இட்லி மாவு” என்று துறையைக் குறுக்கிக் கேட்டபோது எங்கள் பேச்சு நகர்ந்தது. அவர்கள் அதே முறையை வேறு உணவுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம், எங்களுக்கு அதில் நட்டமில்லை.

ஆய்வாளர்களுக்குக் கட்டுரை வெளியிடுவது தொழில். அதைத் தடுக்க முயலாதீர்கள், வெளியிடும் முன் உங்களுக்குக் காட்ட வேண்டும், காப்புரிமை தாக்கல் செய்ய அவகாசம் தர வேண்டும் என்று கேளுங்கள். விளம்பரத்தில் ஆய்வுக்கூடத்தின் பெயரைப் போட எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று ஒரு பிரிவு பொதுவாக இருக்கும். பாக்கெட்டில் அச்சடித்த பிறகு தெரிந்தால் அத்தனை உறையும் வீண்.

காப்புரிமையில் ஒரு பெரிய பொறி: சிங்கப்பூரில் வசிப்பவர் தம் கண்டுபிடிப்புக்கு வெளிநாட்டில் முதலில் விண்ணப்பிக்கக்கூடாது. இங்கே அறிவுசார் சொத்து அலுவலகமான ஐபிஓஎஸ்ஸில் தாக்கல் செய்து 2 மாதம் காத்திருக்க வேண்டும், அல்லது முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். மீறினால் அபராதமோ சிறையோகூட உண்டு. சென்னையில் கட்டணம் குறைவு என்று அங்கே முதலில் போட நினைப்பவர்கள் கவனியுங்கள். குழுவில் இந்தியாவில் வசிக்கும் ஒருவர் கண்டுபிடிப்பாளராக இருந்தால் இந்தியச் சட்டத்திலும் இதேபோல் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, இரண்டையும் பார்க்க வேண்டும்.

9. வேலை தொடங்கிய பிறகு

கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கையில் என்ன வரும் என்று எழுதுங்கள்: அறிக்கையா, செய்முறையா, மாதிரியா. நடுவில் நிறுத்திக்கொள்ளும் இடமும் ஒன்று இருக்கட்டும். ஆய்வு தோற்கலாம், அது யார் குற்றமும் அல்ல.

உங்கள் பக்கம் ஒரே ஆள் தொடர்பில் இருக்கட்டும். அவர்கள் பக்கம் ஆய்வாளர் மாறிப் போனால் யார் தொடர்வார் என்பதையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள், இது அடிக்கடி நடக்கிறது. மாதிரி அனுப்பும் ஒவ்வொரு முறையும் தேதி, அரைத்த நேரம், எந்தச் சாக்கு உளுந்து என்பதை எழுதி ஒட்டுங்கள். எங்களுடையதில் ஒருமுறை முடிவுகள் தாறுமாறாக வந்தபோது, உளுந்துச் சாக்கு மாறியதுதான் காரணம் என்று அந்தச் சீட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

அட்டவணையில் தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் ஆலை ஓட்டம் எதையும் வைக்காதீர்கள். உங்கள் இயந்திரம் அப்போது சும்மா இருக்காது. அவர்கள் பக்கம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, மார்ச் மாதத்தில் எதற்கும் கையெழுத்து எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது. மொத்தத்தில் முதல் சந்திப்பிலிருந்து வேலை தொடங்கும் வரை அரை ஆண்டு ஒதுக்குங்கள்.

10. வரிக் கணக்கு

2024 முதல் 2028 வரையான மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு நிறுவனப் புத்தாக்கத் திட்டம் என்ற வரிச் சலுகை இருக்கிறது, சுருக்கமாக இஐஎஸ். சிங்கப்பூரில் செய்யும் தகுதியான ஆய்வுச் செலவில் முதல் 400,000 வெள்ளி வரை 400 விழுக்காடு வரிக் கழிவு. பலதுறைத் தொழிற்கல்லூரி, ஐடிஇ, மற்ற அங்கீகரிக்கப்பட்ட பங்காளிகளோடு செய்யும் புத்தாக்கத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 50,000 வெள்ளி வரை இதே விகிதம். மானியம் ஏற்றுக்கொண்ட பகுதியைக் கழித்துவிட்டு உங்கள் கையிலிருந்து போன பணத்துக்குத்தான் இது பொருந்தும், இரண்டு பக்கமும் ஒரே செலவைக் காட்ட முடியாது.

இன்னும் இலாபமே வராத புது நிறுவனத்துக்கு வரிக் கழிவால் உடனே பயன் இல்லை. அப்படிப்பட்டவர்கள் 100,000 வெள்ளி வரையான செலவில் 20 விழுக்காட்டை ரொக்கமாகக் கேட்கலாம், அதாவது ஆண்டுக்கு அதிகபட்சம் 20,000 வெள்ளி. அதற்கு மாதம் குறைந்தது 1,400 வெள்ளி சம்பளத்தில் முழுநேர உள்ளூர் ஊழியர் 3 பேராவது ஆறு மாதம் வேலையில் இருந்திருக்க வேண்டும். ரொக்கம் என்று தேர்ந்தெடுத்த தொகையைப் பிறகு கழிவாக மாற்ற முடியாது, கணக்காளரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.

ரசீதுகள், கட்ட அறிக்கைகள், யார் எத்தனை மணி நேரம் அதில் வேலை செய்தார் என்ற பதிவேடு, எல்லாவற்றையும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மணிநேரப் பதிவேட்டை ஆண்டு முடிவில் நினைவிலிருந்து எழுத முடியாது, வேலை தொடங்கும் வாரத்திலேயே ஒரு தாளை ஆலைச் சுவரில் ஒட்டி, அன்றன்றைக்கு எழுதச் சொல்லுங்கள்.